மூன்று சிலிண்டரும் காலி என்று நான் தீர்ப்புச் சொன்ன நாள்

பாடம் படித்தவனைச் சமையற்கட்டுக்குள் விடக் கூடாது. படிக்காதவன் உள்ளே போனால் ஒரு வடையை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிடுவான். படித்தவன் வடையையும் எடுத்துக்கொள்வான், கூடவே ஆலோசனையும் சொல்வான். இதை ஊரைப் பார்த்துச் சொல்லவில்லை. செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிற என்னை வைத்துத்தான் சொல்கிறேன். நூற்றைம்பது பேரை, அதுவும் என் சொந்த நிச்சயதார்த்தத்தில், பசியோடு உட்கார வைத்த பெருமை எனக்கு உண்டு.

ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை அது. மண்டபம் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. நிச்சயதார்த்தம் என்றால் எங்கள் பக்கம் அது பெண் வீட்டார் செய்வது. பந்தலிலிருந்து பாயசம் வரைக்கும் அவர்கள் பொறுப்பு. நாங்கள் சீர்த்தட்டுகளோடு ஒரு வேனில் போய் இறங்கி, உபசாரத்தில் என்ன குறை என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

குறை பார்ப்பதற்கென்றே எங்கள் தரப்பில் ஒருவர் இருந்தார். என் பெரியப்பா. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு விசேஷத்துக்குப் போய்வந்தால், ரசம் ஆறியிருந்ததையும் அப்பளம் நமத்துப்போயிருந்ததையும் ஒரு வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார். தவிரவும், அவர் கொண்டுவந்த ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் நான் இந்தச் சம்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் அவர் முகத்தில் விபூதிக்குக் கீழே அப்படியே இருந்தது.

மாமனாராக வரப்போகிறவர் அதற்கு நேர் எதிர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. அதிகம் பேச மாட்டார். என்னிடம் அவர் பேசியது மொத்தமும் “வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள, சாப்டீங்களா மாப்ள” என்ற மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கும். அன்றைக்குக் காலையில் நாங்கள் வேனைவிட்டு இறங்கும்போது அவர் கைகூப்பிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால், ஒருவருக்காவது தண்ணீர் கொடுக்க மறந்துவிடுவோமோ என்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் என்று தோன்றியது.

தட்டு மாற்றுகிற வரைக்கும் மாப்பிள்ளை எதுவும் சாப்பிடக் கூடாது என்று என் அம்மா சொல்லிவிட்டாள். (சாஸ்திரத்தில் எங்கே இருக்கிறதென்று தெரியாது. பட்டு வேட்டியில் சட்னி கொட்டிக்கொள்வேன் என்ற பயமாகத்தான் இருக்கும்.) விடிகாலை நாலரைக்கு எழுந்தவன் நான். பத்து மணிக்கு மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து மெதுவடை வாசனை வந்தது. கை கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராகச் சமையற்கட்டுக்குப் போனேன்.

அங்கே சமையல் மாஸ்டர் ஏகாம்பரம் ஒரு அண்டாவை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“மாப்ள, நீங்க இன்னாத்துக்கு இங்க வந்தீங்க? சட்டையெல்லாம் கரி ஆயிடும்.”

“சும்மா பாக்கலாம்னு வந்தேன். அது என்ன மாஸ்டர், தீ இப்படி அழுதுவடியுது?”

நான் சொன்னது உண்மைதான். மூன்று பெரிய அடுப்பு. ஒன்றில் சாம்பார், ஒன்றில் உலைத் தண்ணீரில் அரிசி, ஒன்றில் பாயசத்துக்குப் பால். மூன்றிலும் தீ வாடிப்போய், எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு பெரிய சிலிண்டர். மூன்று சிலிண்டரின் கீழ்ப்பாதியிலும் வெள்ளை வெளேர் என்று பனி படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், சுரீர் என்றது.

“ஜில்லாயிட்டுது மாப்ள. காலையிலேந்து மூணு அடுப்பும் வுடாம இழுத்துகினு கீது இல்ல? அதான். அண்டாவுல போர் தண்ணி ஊத்தி அதுல நிக்க வெச்சா அஞ்சு நிமிசத்துல சரியாப் பூடும்.”

இந்த இடத்தில் நான் வடையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். வடை இரண்டடி தூரத்தில்தான் இருந்தது.

“ஐயையோ, தண்ணியில வைக்காதீங்க மாஸ்டர்! தண்ணி பட்டா இன்னும் குளிரும். குளிர்ந்தா பிரஷர் இன்னும் இறங்கும். இருக்கிற தீயும் போயிடும்.”

(சிலிண்டரின் மேல் பனி இருந்தது. போர்வெல்லிலிருந்து பிடித்த அண்டாத் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. இரண்டில் எது குளிர்ச்சி என்று என் வகுப்பின் கடைசி பெஞ்ச்கூடச் சொல்லிவிடும்.)

அதோடு விட்டேனா? வாயுவைப் பற்றி என் தலைக்குள் இருந்ததையெல்லாம் அந்த இடத்தில் இறக்கி வைத்தேன். ஒரு பாத்திரத்தின் அளவு மாறாது. வெப்பநிலையும் பெரிதாக மாறாது. அப்படியிருக்க உள்ளே அழுத்தம் குறைகிறது என்றால் என்ன பொருள்? உள்ளே வாயு குறைந்துவிட்டது என்று பொருள். பிவி ஈக்வல் டு என்ஆர்டி. கரும்பலகை இல்லாத குறைக்கு ஒரு கரண்டியை எடுத்துச் சுவரில் எழுதிக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

“அதனால மூணும் காலி மாஸ்டர். உடனே மாத்திடுங்க.”

“காலி இல்ல மாப்ள. ஒவ்வொண்ணுலயும் பாதிக்கு மேல கீது.”

“எப்படிச் சொல்றீங்க?”

“தூக்குனா தெரியுமே.”

“தூக்கிப் பாக்கறதெல்லாம் சயின்ஸ் இல்ல மாஸ்டர்.”

என் வாழ்க்கையில் நான் பேசிய வாக்கியங்களில் ஏதாவது ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், இதைத்தான் எடுத்துக்கொள்வேன். பொருளின் நிறையைப் பார்ப்பது சயின்ஸ் இல்லையாம். சொன்னது ஒரு வேதியியல் வாத்தியார்.

 ஏகாம்பரம் மாஸ்டர் முப்பது வருடமாக அடுப்போடு இருப்பவர். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும். ஆனால் அன்றைக்கு நான் மாப்பிள்ளை. பெண் வீட்டு மண்டபத்தில் மாப்பிள்ளை சொன்னதை மறுத்துப் பேசினார் என்று பெயர் வந்தால், அது அவரை அமர்த்திய என் மாமனாருக்குத்தான் அவமானம்.

“சரி மாப்ள. இன்னிக்கு நீங்க சூரியன் மேக்கால மொளைக்குதுன்னாலும் நாங்க ஆமான்னுதான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு, மணப்பெண் சுகன்யாவின் தாய்மாமன் ஏழுமலையைக் கூப்பிட்டார். ஏழுமலை மாமாவிடம் சொந்தமாக ஒரு லோடு வண்டி இருந்தது. மாப்பிள்ளையே வந்து பார்த்துச் சொன்னார் என்று கேட்டதும் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. அடுப்புகளை அணைத்து, குழாய்களைக் கழற்றி, மூன்று சிலிண்டரையும் வண்டியில் ஏற்றினார்கள்.

“ஒண்ணாவது கெடக்கட்டுமே மாப்ள” என்று மாஸ்டர் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

“காலி சிலிண்டர வெச்சு என்ன மாஸ்டர் பண்ணப் போறீங்க?” என்றேன் சிரித்துக்கொண்டே. வண்டி போனது. பெரிய விபத்தைத் தடுத்த திருப்தியோடு இரண்டு வடை சாப்பிட்டேன்.

தட்டு மாற்றல் நல்லபடியாக நடந்தது. பத்திரிகை வாசித்தார்கள், சந்தனம் பூசினார்கள், மோதிரம் போட வைத்தார்கள், என்னையும் சுகன்யாவையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வண்டி வந்துவிடும் என்று நம்பிப் பன்னிரண்டு மணிக்கு முதல் பந்திக்கு இலை போட்டார்கள். உப்பும் ஊறுகாயும் வைத்தார்கள். வாழைப்பழம் வைத்தார்கள். பொரித்த வடையையும் வைத்தார்கள். அதற்குமேல் வைப்பதற்கு எதுவும் இல்லை. ஐம்பது பேர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டரைக்கு வடையைத் தின்றார்கள். ஒரு மணிக்குப் பழம். ஒன்றேகாலுக்கு ஒருவர் ஊறுகாயைத் தனியாகத் தொட்டு நக்கிக்கொண்டிருந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன்.

ஏழுமலை மாமா போனில் கிடைத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்து ஊர் ஏஜென்சி பூட்டியிருந்ததாம். இன்னொரு ஊருக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு சிக்னல் கிடைக்கவில்லை.

அப்போதுதான் சுகன்யா என்னிடம் முதல்முறையாகத் தனியாகப் பேசினாள். அவளுக்கு இறால் பதப்படுத்துகிற ஒரு குளிர்கிடங்கில் வேலை. குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர். அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

“மூணு சிலிண்டரும் ஒரே நேரத்துல தீந்துடுச்சாங்க? அது எப்படி?”

“பிரஷர் இறங்கிடுச்சு. நான்தான் போய்ப் பார்த்தேன்” என்றேன் அடக்கமாக.

“பனி புடிச்சிருந்துச்சா?”

“ஆமா.”

“எதுவரைக்கும்?”

“பாதி வரைக்கும்.”

அவள் மாலையைச் சரிசெய்வதுபோலக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். போட்டோக்காரர் அதை வெட்கம் என்று நினைத்து ஒரு படம் எடுத்தார். (ஆல்பத்தில் இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்பார்கள்.)

“உள்ள இருக்கறது கேஸ் இல்லீங்க, திரவம்” என்றாள் மெதுவாக. “அது கொதிச்சு ஆவியாகித்தான் அடுப்புக்கு வருது. வேகமா இழுத்தா வேகமா கொதிக்கும். கொதிக்கறதுக்கு வேணுங்கற சூட்டை அது தன்கிட்டேர்ந்தே எடுத்துக்கும். அதான் ஜில்லாவுது. ஜில்லானா பிரஷர் இறங்கும். சிலிண்டர் முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும், சூடு ஒண்ணா இருந்தா பிரஷரும் ஒண்ணுதான். எவ்ளோ மிச்சம்னு எடை போட்டாத்தான் தெரியும்.”

போட்டோக்காரருக்காக நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் நிறுத்தவில்லை.

“பனி எதுவரைக்கும் நிக்குதோ, அதுவரைக்கும் திரவம் இருக்குன்னு அர்த்தம். சிலிண்டரே எழுதிக் காட்டிச்சு. நீங்க படிக்கல.”

இதையெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்தவன்தான். ஆவி அழுத்தம் என்று பாடப் புத்தகத்தில் தனியாக ஒரு பகுதியே உண்டு. அது வேறு அத்தியாயம் என்பதால் சமையற்கட்டில் ஞாபகத்துக்கு வரவில்லை.

“எங்கப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்றேன். கொஞ்சம் பொறு” என்றேன். பொறுத்ததுதான் நான் அன்றைக்குச் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பு அறியாமை. இரண்டாவது கோழைத்தனம். வண்டி வந்துவிட்டால் ஊர் சாப்பிட்டு மறந்துவிடும், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

அதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. நடு மண்டபத்தில் நின்றுகொண்டு, “மணி ஒன்றரை. வந்த சம்பந்திக்கு ஒரு பிடி சோறு போட வக்கில்ல. நிச்சயத்துக்கே இந்த லட்சணம்னா கல்யாணத்துக்கு என்னவோ! அடுப்புல கேஸ் இருக்கா இல்லையான்னு பாத்துக்கத் தெரியாதவங்களா இவங்க?” என்றார். எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் தலையாட்டினார்கள். பசியில் இருப்பவன் எதற்கும் தலையாட்டுவான்.

மாமனார் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். “மன்னிச்சிடுங்க சம்பந்தி. என் தப்புதான். நான் பாத்திருக்கணும். இதோ வந்துடும்.”

“என்ன வந்துடும்? கெளம்புங்கப்பா எல்லாரும். மேற்கொண்டு பேசறத வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். தாம்பூலத் தட்டின் ஈரம்கூடக் காயவில்லை. மாமனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.  சுகன்யா என் பக்கம் திரும்பவே இல்லை. தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  நான் மட்டும் இரண்டு வடை சாப்பிட்ட தெம்போடு உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் லோடு வண்டி வந்து நின்றது. ஏழுமலை மாமா உள்ளே வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

“எந்த மடையன்யா காலின்னு சொன்னது? ரெண்டு ஊர் சுத்தி, மூணாவது ஊர்ல ஏஜென்சிக்காரன தூக்கத்துலேந்து எயுப்பி இட்டாந்து எடை போட்டா, ஒவ்வொண்ணுலயும் பத்து கிலோ கேஸு கீதுன்றான்! பாதி கேஸ குடுத்து மாத்த வந்த மொத ஆள இப்பத்தான் பாக்கறேன்னு என்னப் பாத்துச் சிரிக்கிறான்யா!”

 காலையில் என் பெயரைச் சொல்லித்தான் அவருக்கு வேலை கொடுத்தார்கள் என்பது கோபத்தில் அவருக்கு மறந்தே போயிருந்தது. சமையற்கட்டு வாசலில் நின்ற ஏகாம்பரம் மாஸ்டருக்கு மறக்கவில்லை. அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நான்தான் சொன்னேன் ஏழுமலை. தெரியாமச் சொல்ட்டேன்.”

“பாத்தீங்களா! ஆள் வெச்சிருக்கற லட்சணத்த!” என்றார் பெரியப்பா.

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்தபோது மாலை நாற்காலியில் மாட்டிக்கொண்டு பூ உதிர்ந்தது.

“அவர் சொல்லல. நான்தான் சொன்னேன்” என்றேன். குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. “மாஸ்டர் காலி இல்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டார். நான்தான் கேக்கல. ஒரு சிலிண்டரையாவது விட்டுட்டுப் போங்கன்னு கேட்டார். அதையும் நான் விடல. பெரியப்பா, இதுல அவங்க தப்பு ஒண்ணுமில்ல. அந்த மடையன் நான்தான்.”

ஏழுமலை மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், பிறகு மேலே மின்விசிறியைப் பார்த்தார். அவருடைய நாற்பது வருடத் தாலுகா ஆபீஸ் அனுபவத்தில் குற்றவாளி தானாக ஒப்புக்கொண்டது கிடையாது போலிருக்கிறது. மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் என்னைக் கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப்போனார். மூன்று மணி நேரம் வெயிலில் ஊர் சுற்றிய சிலிண்டர்கள். பனி போன இடம் தெரியவில்லை. ஒன்றைச் சாய்த்து, என் கையை அதன்மேல் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே களக் களக் என்று அலையடித்தது.

“கேக்குதா மாப்ள? இதான் எங்க சயின்ஸு.”

மூன்றையும் போர் தண்ணீர் அண்டாக்களில் நிமிர்த்தி நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாகச் சீறிக்கொண்டு எரிந்தது. பாதி வெந்து ஊறிப்போன அரிசியைக் கொட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. அதைக் குழைய வேகவைத்து, பாலும் தயிரும் விட்டுத் தாளித்து, முதலில் அதைப் பரிமாறினார். பெரியப்பா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வருடம் முழுக்க அவர் அந்தத் தயிர்சாதத்தைப் பற்றித்தான் பேசினார்.

கிளம்பும்போது மாமனார் வேன் வரைக்கும் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைசியில் “சாப்டீங்களா மாப்ள?” என்றுதான் கேட்டார். கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் சுகன்யாவிடமிருந்து போன் வந்தது. “கேஸ் பத்தி உங்களுக்குத் தெரியலன்னா பரவால்ல, நான் சொல்லிக் குடுத்துக்கறேன். எங்கப்பா தல குனிஞ்சு நின்னப்போ நீங்க இன்னும் ஒரு நிமிஷம் உக்காந்திருந்தா, நானே மோதிரத்தக் கழட்டிக் குடுத்திருப்பேன்” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. 

பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அடுப்புப் பற்றவைக்கும் முன், “வாத்தியார் மாப்ளய உள்ள உக்கார வெச்சாச்சா?” என்று ஏகாம்பரம் மாஸ்டர் குரல் கொடுப்பார். வீட்டிலும் நான் எதையாவது தீர்ந்துவிட்டது என்று சொன்னால் போதும். காப்பிப் பொடி தீர்ந்துபோச்சு என்பேன். “குலுக்கிப் பாத்தீங்களா?” என்பாள் சுகன்யா. பஸ் போயிடுச்சு என்றாலும் அதே கேள்விதான். என் பெண்ணும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் மாமனார் மட்டும் இந்தக் கிண்டலில் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை. மாப்பிள்ளையைக் கேலி பேசுவது அவர் வழக்கத்தில் இல்லை. எல்லாரும் சிரித்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

போன பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். என்னைக் கேட்காமல் டிவியை இடம் மாற்றிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். கூடத்தில் நின்றுகொண்டு, “இந்த வீட்டுல எனக்கு மரியாதை சுத்தமா தீர்ந்துபோச்சு!” என்று கத்தினேன்.

 பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நல்லா குலுக்கிப் பாருங்க மாப்ள. அடியில கொஞ்சம் இருக்கும்.”

முதலில் சுகன்யா சிரித்தாள். பிறகு மாமனாரே சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. டிவி புது இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.